விலைக்கு வாங்கிய பெயர்

இரவு இரண்டு மணி. ஜனவரி மாதம். வெரியாவிலிருந்து மலைக்கு ஏறும் கழுதைப் பாதை. முழங்கால் வரைக்கும் பனி. நாய்கூட அந்த நேரத்தில் அந்தப் பாதைக்கு வராது.

அந்தப் பாதையில்... மரச் செருப்புச் சத்தம்.

டொக். டொக். டொக்.

நன்றாகக் கேளுங்கள். பனியில் நடந்தால் சரக், சரக் என்றுதான் கேட்கும். கால் புதையும். இது அப்படி இல்லை. கல் பாவிய முற்றத்தில் ஒருத்தி துணி உலர்த்தப் போவாளே, திரும்பி வருவாளே... அந்தச் சத்தம்.

இது என் தோழி ரேய்னாவின் அத்தை மகளுக்கு நடந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று ரேய்னா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆனால் நேற்று ராத்திரிக்குப் பிறகு என்னால் இதைத் தனியாக வைத்துக்கொண்டு படுக்க முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். லூச்சா, அந்த விளக்கைக் குறைக்காதே. எண்ணெய் தீர்ந்தால் தீரட்டும். எல்லோரும் இந்தக் கட்டிலுக்கே வந்துவிடுங்கள். கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் பலோம்பா. அப்போது பதினான்கு வயது. அப்பா ஷபெதாய், முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நூலும் பொத்தானும் விற்றவர். அம்மா ஜோயா. பிறகு தங்கை. பன்னிரண்டு வயது. தங்கையின் பெயர் மெர்காதா.

இங்கே பாதிப் பேர் வீட்டில் ஒரு மெர்காதாவோ மெர்காதோவோ இருந்திருப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரியும். அது பிறந்தபோது வைக்கிற பெயர் இல்லை. வாங்கப்பட்டவள் என்று அர்த்தம்.

மூன்று வயதில் அவளுக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். வைத்தியர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது பக்கத்து வீட்டு ஒரோ தெருவில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இந்த வீட்டுல பிள்ளை விக்கிறாங்களாமே!"

ஜோயா முகத்தை மூடிக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். "விக்கிறோம். நோஞ்சான் பிள்ளை. யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும். குடு."

ஒரு வெள்ளிக் காசு. குழந்தையைச் சன்னல் வழியாகத்தான் கொடுத்தார்கள். வாசல் வழியாக இல்லை. வாசலில்தான் மரண தூதன் காத்திருப்பான் இல்லையா? பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் உள்ளே வந்து தேடுவான். அப்படி யாரும் இங்கே இல்லை, இங்கே இருந்ததை வேறு வீட்டுக்கு விற்றுவிட்டோம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அந்தப் பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. ஒருமுறைகூட. அவள் கல்யாணத்தன்றுதான் காசைத் திருப்பிக் கொடுத்து மகளை மீட்டுக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அந்தப் பழைய பெயரை ரேய்னா எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

குழந்தையைச் சன்னலில் கொடுக்கும்போது ஐந்து வயதுப் பலோம்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "என்னையும் வித்துரும்மா," என்றாளாம்.

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு அழுகைக்கு நடுவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பலோம்பா அதை மறக்கவே இல்லை.

ஒரோவுக்குப் பிள்ளை கிடையாது. புருஷனும் இல்லை. முற்றத்தின் அந்தப் பக்கம் ஒற்றை அறை. சர்க்கரை பூசிய சோம்பு செய்து விற்பாள். அவள் கை, துணி, தலைமுடி எல்லாம் சோம்பு வாசனை. கதவைத் தட்டினால் மோதிர விரலால் தட்டுவாள். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக. டக் டக்... டக். அது கேட்டால் மெர்காதா எந்த மூலையிலிருந்தாலும் பறந்து வருவாள். பண்டிகைக்குப் புதுப் பாவாடை. இடது காதுக்கு நீலமணி. வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டைகளில் நல்ல செம்பழுப்பானதாகத் தேடி எடுத்து, உரித்து, அவள் வாய்க்கே கொண்டு போவாள். மெர்காதா அவளை 'ஒரோ அம்மா' என்பாள். பலோம்பாவும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நான் உனக்கு அத்தைடி," என்றாள் ஒரோ. கோபமாகக்கூட இல்லை. சும்மா, திருத்திச் சொல்வது மாதிரி.

"உனக்கு ரெண்டு அம்மா," என்று பலோம்பா தங்கையிடம் ராத்திரி போர்வைக்குள் கேட்பாள். "ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவ? ஒண்ணை எனக்குக் குடேன்."

"நீ போய் காய்ச்சல்ல படு," என்று மெர்காதா போர்வையை இழுத்துக்கொள்வாள்.

ஜெர்மன்காரன் வந்த பிறகு கதை உங்களுக்கே தெரியும். யூதர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தார்கள். மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னார்கள். ஷபெதாயிடம் வருஷக்கணக்காக நூல் வாங்கிய மேய்ப்பர் ஒருவர், ஸ்டெர்யோஸ் என்று பேர், மலைமேல் பழைய ஆட்டுப் பட்டி ஒன்று சும்மா கிடக்கிறது என்று சொல்லியனுப்பினார். நாலு பேர். அதற்கு மேல் சோறும் இல்லை, இடமும் இல்லை.

நாலு பேர்.

கிளம்புகிற ராத்திரி ஒரோ முற்றத்தில் நின்றாள். மரச் செருப்புடன். அழவில்லை. சிவப்புக் கம்பளிச் சால்வை ஒன்றை மெர்காதாவின் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

"நாலு பேருக்குத்தான் இடமா? சரி. என் பொண்ணைப் பாத்துக்க, ஜோயா."

"உன் பொண்ணுதான்," என்று சொல்லிவிட்டு ஜோயா அவளைக் கட்டிக்கொண்டாள்.

பலோம்பா பொதியைச் சுமந்துகொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதம் எல்லோரையும் அடைத்து அனுப்பிய ரயிலில் ஒரோ போய்விட்டாள். ஸ்டெர்யோஸின் மச்சான் நிலையத்தில் பார்த்தானாம். அந்தப் பெட்டி நிரம்பிய பிறகும் அவள் மரச் செருப்பு ஒன்று நடைமேடையிலேயே கிடந்ததாம்.

ஒன்பது மாதம் அந்தப் பட்டியில் இருந்தார்கள். கல் சுவர், தழைக்கூரை, ஒரே ஒரு கதவு. சோள ரொட்டி, காட்டுக் கீரை, கொஞ்சம் பாலாடைக் கட்டி. பகலில் புகை வரக்கூடாது, இரவில் வெளிச்சம் வரக்கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜோயா எண்ணெயில் திரி போட்டு ஏற்றி, மேலே சட்டியைக் கவிழ்த்து வைப்பாள். சட்டியின் விரிசலில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான் சபாத் விளக்கு.

ஷபெதாய் எதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். "ஆடுங்க இருந்த இடம். நாத்தம் நம்மளால அதிகமாச்சா குறைஞ்சுதான்னு ஸ்டெர்யோஸ்தான் வந்து சொல்லணும்."

"என் ஆடுங்க இவ்வளவு சண்டை போடாது, ஷபெதாய் அண்ணே," என்பார் ஸ்டெர்யோஸ், இரண்டு பெண்களையும் பார்த்து.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ராத்திரியில் கதவைத் திறக்கக்கூடாது. "நான் வந்தா தட்ட மாட்டேன். கூரைமேல ரெண்டு கல்லு போடுவேன். தட்டினா அது நான் இல்ல."

இப்போது அந்த ஜனவரிக்கு வருகிறேன். முதல் ராத்திரி. புதன்கிழமை.

பலோம்பா விழித்துக்கொண்டிருந்தாள். குளிரில் தூக்கம் வரவில்லை. தங்கை அவள் கைமேல் தலை வைத்து, வாயைத் திறந்து தூங்கினாள். சால்வைக்குள் சுகமாக. அப்போது அந்தச் சத்தம். தூரத்தில். டொக். டொக். முதலில் கனவு என்று நினைத்தாள். சத்தம் கிட்டே வந்தது. பாதையைத் தாண்டி... பட்டிச் சுவரைத் தாண்டி... கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

டக் டக்... டக்.

கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. சோம்பு.

"மெர்காதா... கண்ணே... எழுந்திருடி. போகணும்."

பலோம்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது உண்மைதான். ஆனால் முதலில் வந்தது பயம் இல்லையாம். ரேய்னாவிடம் அவளே சொன்னாள். முதலில் வந்தது எரிச்சல். அம்மா, அப்பா, நான், நாங்கள் மூன்று பேரும் இங்கே கிடக்கிறோம். ரயிலேறிப் போனவள் திரும்பி வந்து, இத்தனை பனியில் மலையேறி வந்து... செத்தும் இவளுக்குத்தான் ஆள் வருகிறது.

தங்கையை எழுப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

காலையில் கதவைத் திறந்தால் வெளியே பனி சலவைத் துணி மாதிரி. ஒரு தடம் இல்லை. வாசற்படியில் மட்டும் நாலைந்து வெள்ளை மணிகள். சர்க்கரைச் சோம்பு.

யாருக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து பொறுக்கினாள். வாயில் போட்டுக்கொண்டாள். அத்தனையும்.

இனிப்பே இல்லை. நாக்கில் பட்டதும் ஐஸ் மாதிரி சுட்டது. கரையவும் இல்லை. அப்படியே விழுங்கினாள்.

இரண்டாம் ராத்திரி. அதே நேரம். அதே தட்டல்.

"மெர்காதா. நேரம் ஆகுதுடி. நாளைக்கு ஒரு ராத்திரிதான் வரமுடியும்."

இந்த முறை ஜோயா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தட்டலோ குரலோ கேட்கவில்லை. வாசனைதான் வந்ததாம். இருட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சோம்பு வாசம் அடிக்குதா?" என்றாள். "ஒரோ அத்தை வந்தா," என்றாள் பலோம்பா. மறைக்கத் தோன்றவில்லை. இல்லை... சொல்லிப் பார்க்கலாம் என்று இருந்தது. பயப்படட்டும் என்று இருந்தது.

ஜோயா மூன்று முறை துப்பினாள். பிறகு விடிய விடியத் தூங்கவில்லை.

மறுநாள் பகல் முழுக்க அந்தச் சால்வையை மடியில் வைத்து எதையோ தைத்தாள். அந்த வெள்ளிக் காசு. ஒன்பது வருஷமாகக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது. அதைச் சால்வையின் ஓரத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். "மூணு வயசுல வாங்கினவ. அவளுக்குப் பாத்தியதை இருக்கு," என்று ஷபெதாயிடம் கிசுகிசுத்தாள். "கையப் பிடிச்சா இந்தக் காசைத் தொட்டுப் பாக்கட்டும். மீட்க எடுத்து வச்சிருக்கோம்னு தெரியட்டும். இப்பவே கூட்டிட்டுப் போகக்கூடாது."

"செத்தவ கூட வியாபாரம் பேசறியா?" என்றார் ஷபெதாய். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

சாயங்காலம் வெள்ளிக்கிழமைத் திரியை ஏற்றிச் சட்டியைக் கவிழ்த்த பிறகு ஜோயா ஒரு கயிறு எடுத்தாள். மெர்காதாவின் வலது காலில் ஒரு நுனி. தன் கையில் மறு நுனி. தூக்கத்தில் எழுந்து போய்விடக் கூடாதே.

"எதுக்கும்மா?" என்றாள் சின்னவள்.

"ஆடு ஓடிடக் கூடாதுன்னு," என்றாள் ஜோயா. மெர்காதா 'மே' என்று கத்திச் சிரித்தாள்.

பலோம்பா தன் காலையும் நீட்டினாள்.

"எனக்கு?"

ஜோயா கயிற்றை முடிந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உன்னை யாருடி கூப்பிட்டா?" என்றாள்.

அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை. அம்மாவுக்கு அப்போது ஆயிரம் கவலை. அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால்... தெரியவில்லை. நான் கதையைச் சொல்கிறேன்.

மூன்றாம் ராத்திரி.

சட்டி விரிசலில் கோடு வெளிச்சம் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எல்லோரும் தூங்கினார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்ட ஜோயாவும்கூட. முந்தின ராத்திரி முழித்த அலுப்பு. பலோம்பா தங்கையின் கழுத்திலிருந்து முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். மெர்காதா முனகினாள். சால்வை வந்துவிட்டது. இன்னும் சூடாக இருந்தது. அதைத் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றி, ஒரோ போட்ட மாதிரியே முடிந்துகொண்டாள். கதவோரம் உட்கார்ந்து காத்திருந்தாள்.

டொக். டொக். டொக்.

டக் டக்... டக்.

"மெர்காதா. கடைசியாக் கூப்பிடறேன்டி."

பலோம்பா வாயைத் திறந்தாள். தங்கையின் குரலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கொஞ்சம் கொஞ்சல், கொஞ்சம் மூக்கு.

"வந்துட்டேன், ஒரோ அம்மா."

வாழ்க்கையில் முதல் தடவை அதைச் சொன்னாள். யாரும் திருத்தவில்லை.

தாழ்ப்பாளை எடுத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து தாழ் போட முடியாது. சாத்தத்தான் முடியும்.

நிலா இல்லை. பனி மட்டும் தனக்குத்தானே கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. ஆள் தெரியவில்லை. ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. ஈரக் களிமண் மாதிரி இருந்தது. இன்னொரு கை சால்வை ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்து, காசு தைத்த இடத்தில் நின்றது. "ம்," என்றது. திருப்தியாக.

நடந்தார்கள். பலோம்பாவின் கால் சரக், சரக். பக்கத்தில் டொக், டொக். ஒரே பாதை, ஒரே பனி. அவள் காலடி மட்டும்தான் பதிந்தது.

பயமாக இல்லையா என்று ரேய்னா கேட்டிருக்கிறாள். "இல்ல," என்றாளாம். "சந்தோஷமா இருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு யாரும் அவ்வளவு தூரம் நடந்ததில்ல."

மேட்டைத் தாண்டி ஒரு ஊற்று இருக்கிறது. பாறைக்குப் பின்னால். பட்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரோ அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். பாறையோரமாக உட்கார வைத்தாள். வீட்டில் குழந்தையைத் தூங்கப்போடும்போது செய்வாளே, அப்படிக் கன்னத்தை வருடினாள். நெற்றி. கன்னம். பிறகு விரல் இடது காதுக்குப் போனது. நீலமணியைத் தேடி.

கை நின்றது.

விரல் மறுபடியும் காதைத் தடவியது. மெதுவாக. ஓட்டை இல்லாத காதை.

மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஊற்றில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

பிறகு கை போய்விட்டது. செருப்புச் சத்தம் திரும்பியது. நடக்கவில்லை. ஓடியது. கீழே, பட்டியை நோக்கி. டொக்டொக்டொக்டொக்டொக்... கல்முற்றத்தில் யாரோ குழந்தை விழுந்துவிட்டது என்று ஓடுவது மாதிரி.

பலோம்பா எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கீழே நாய் குரைத்தது. மலையில் அந்தப் பக்கம் யாரிடமும் நாய் கிடையாது. பிறகு ஆண்களின் குரல். பிறகு வானம் கொஞ்சம் சிவந்தது. தழைக்கூரை எரிந்தால் ரொட்டி கருகுகிற வாசனை வரும். அது வந்தது.

விடிந்த பிறகு ஸ்டெர்யோஸ் அவளைக் கண்டுபிடித்தார். அவர் கையில் இரண்டு கூழாங்கற்கள். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

"சொல்லத்தான் வந்தேன்," என்றார். பல் கிட்டிக்கொண்டு. "எனக்கு முன்னாடி ஜெர்மன்காரனுங்க வந்துட்டானுங்க. சுவருக்குப் பின்னாடி படுத்துட்டேன். பனி மூடிக் கிடந்துச்சு பட்டி. அவனுங்களுக்குத் தெரியல, பொண்ணே. தாண்டிப் போயிட்டானுங்க. கடைசி ஆளும் தாண்டிட்டான்."

"அப்புறம்?"

"கதவு உள்ளேயிருந்து திறந்துச்சு. சின்னவ. யாரும் தட்டலை. சத்தியமா யாரும் தட்டலை. அவ பாட்டுக்குத் திறந்துக்கிட்டு, 'ஒரோ அம்மா, வந்துட்டியா? இரு, கால் கட்டியிருக்கு'ன்னு..."

அவர் பட்டி இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்குக் கேட்காத தட்டல் எது என்று பலோம்பாவுக்குத் தெரியும்.

போர் முடிந்தது. ஸ்டெர்யோஸ் அவளைச் சலோனிகாவுக்குக் கொண்டுவந்து விட்டார். திரும்பி வந்தவர்களின் பெயரை எழுதும் மேசை. உங்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றிருக்கிறீர்கள். அங்கே ஒருவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "பேரு?" என்றார்.

தலையில் சிவப்புச் சால்வை. ஓரத்தில் காசு.

"மெர்காதா," என்றாள்.

ஏன் என்று அவளுக்கே தெரியாது. மெர்காதா பிழைத்துவிட்டாள் என்று ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தாளாம். அல்லது, தேடி ஆள் வருகிற பெயர் அது ஒன்றுதான் என்பதால். இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"கூடப் பிறந்தவங்க?"

"அக்கா. பலோம்பா."

"இருக்காங்களா?"

தலையாட்டினாள். இல்லை என்று. அவர் இன்னொரு தாளை எடுத்து எழுதினார். ஷபெதாய், ஜோயா, பலோம்பா. அந்தத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

போன மாதம் அவளை இந்த விடுதிக்கு அனுப்பினார்கள். ஆமாம். இங்கேதான். மாடியில், கடைசிக் கட்டில். யாரோடும் பேசாமல் சால்வையோடு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். அத்தை மகள் இல்லையா, ரேய்னாவுக்குச் சின்ன வயதிலேயே அவளைத் தெரியும். பார்த்ததும், "நீ பலோம்பா இல்ல?" என்று கேட்டுவிட்டாள். அவள் ரேய்னாவின் வாயைக் கையால் பொத்தினாள். பிறகு விடியும்வரை எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, இங்கே வந்ததிலிருந்து நடப்பதையும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டல். இப்போது மோதிர விரல் இல்லை. கதவின் கீழ்ப்பக்கம். முழங்கால் உயரத்தில், உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மாதிரி.

"அக்கா."

கொஞ்சம் கொஞ்சல், கொஞ்சம் மூக்கு.

"அக்கா... இங்க வாசல்ல நிறுத்திப் பேரு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

செத்தவர் போகிற வாசல் அது. பழைய பெயரைச் சொல்லக்கூடாது என்று மெர்காதாவுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். புதுப் பெயரை அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். "எல்லாரும் உள்ள போயிட்டாங்க. அம்மாகூடப் போயிட்டா. என்னை மட்டும் விடமாட்டேங்கறாங்கக்கா." ஒவ்வொரு ராத்திரியும். பலோம்பா பதில் சொல்லியதே இல்லை. பதில் சொன்னால் சால்வையைக் கழற்ற வேண்டுமே. போர்வைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். பத்து நாள். இருபது நாள். இன்னும் கொடுக்கவில்லை.

நேற்று எனக்குத் தாகம். தண்ணீர் குடிக்க எழுந்தேன். மாடிப்படிக்குக் கீழேதான் பானை. குவளையை முக்கும்போது தலைக்கு மேலே படியில் காலடி கேட்டது. வெறுங்கால். சின்னக் கால். ஒரு படி... பிறகு ஏதோ இழுபடுகிற சத்தம். ஒரு படி... இழுபடுகிற சத்தம். கயிறு. ஒரு காலில் கயிறு.

பானையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சோம்பு வாசனை அப்படியே தொண்டையில் இறங்கியது.

மாடிக் கதவில் தட்டல் இல்லை. நேற்று இல்லை. என்ன சொல்லட்டும் என்ற கேள்வியும் இல்லை. சிரிப்பு மாதிரி ஒன்று. சண்டையில் ஜெயித்த தங்கை சிரிப்பாளே, அந்த மாதிரி.

"சரிக்கா, நீயே வச்சுக்க. வாசல்ல நான் உன் பேரைச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். பிறகு படியில் எதுவும் கேட்கவில்லை. இறங்கவும் இல்லை.

இன்று காலை ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். சால்வையோடு. ரொட்டி கொடுக்கிறவர் கூப்பிட்டார், "மெர்காதா!" அவள் அசையவில்லை. "ஏம்மா, மெர்காதா!" அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ... அவள் காதுக்குக் கிட்டே குனிந்து, யாருக்கும் கேட்காமல், அவள் பிறந்தபோது வைத்த பெயரை மெதுவாகச் சொன்னேன்.

"பலோம்பா."

அதற்கும் அவள் திரும்பவில்லை.